நாற்பத்தேழு மணி நேரம் நின்ற யானை

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் கடைசியில்தான் இருக்கிறது. நடுவிலேயே சிரித்துத் தொலைத்தால் அதற்கு யாரும் பொறுப்பில்லை. பேச்சியம்மாளுக்கு நடுவிலேயே ஒன்பது தடவை வந்தது. ஒன்பது தடவையும் கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டு அடக்கினாள். அடக்காமல் விட்டிருந்தால் அவள் அக்கா ஆவுடையின் படிப்பு அன்றைக்குச் சாயங்காலம் அஞ்சு மணியோடு முடிந்திருக்கும். அவளே அடக்கினாள், நீங்களும் அடக்குங்கள். முதலில் மூங்கில், அப்புறம் யானை, அதற்கப்புறம்தான் சிரிப்பு.

திருநெல்வேலிப் பக்கத்து மலை. மலைமேல் தேயிலைத் தோட்டம். தோட்டத்தில் எட்டாம் நம்பர் டிவிஷன். அங்கே மழை வரும், அட்டை வரும், யானை வரும், போனில் சிக்னல் மட்டும் வராது. யாரோடாவது பேச வேண்டுமென்றால் மேலே சிக்னல் பாறைக்கு ஏற வேண்டும். ஏறி, கிழக்கே திரும்பி, போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து கத்தினால், "ஹலோ, கேக்கா?" வரைக்கும் போகும். "நல்லா இருக்கியா?" என்று கேட்பதற்குள் போய்விடும். எட்டாம் நம்பரில் யார் நல்லா இருக்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமலே போனது இப்படித்தான்.

ஆவுடை பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று பன்னிரண்டு கல்லூரிகளைப் போனில் வரிசையாகப் போட்டு, இதுதான் முடிவு என்று அதைப் பூட்டிவிட வேண்டும். அஞ்சு மணிக்குள். இன்றைக்குத்தான் கடைசி நாள். பஸ்ஸில் கீழே இறங்கிப் போய்ச் செய்யலாம் என்றால் மூணு நாளாக ரோட்டில் மண்சரிவு. பாறைக்கு ஏறலாம் என்றால் அதே மூணு நாளாக அங்கே ஒரு யானைக்கூட்டம் குடும்பத்தோடு தங்கியிருக்கிறது.

மிச்சம் இருந்தது ஒரு பெட்டி.

மண் சரிவதற்கு முந்தின நாள் ஒரு போன் கம்பெனி ஜீப் வந்து, படிப்பகத்தில் அந்தப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "மழை விட்டதும் வந்து மாட்டித் தர்றோம்" என்று போயிருந்தது. ரிப்பீட்டர். வெளியே ஒரு ஆன்டெனா, பார்ப்பதற்கு மீன்முள் மாதிரி. அது கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் டவரைக் குறிபார்த்து நிற்க வேண்டும். அது பிடிக்கிற நூலளவு சிக்னலைப் பெட்டி வாங்கிப் பெரிதாக்கி அறைக்குள்ளும் வாசல் வரைக்கும் விடும். அஞ்சு அலைவரிசை, அஞ்சு விளக்கு. பச்சை என்றால் சிக்னல் இருக்கிறது, சிவப்பு என்றால் போய்விட்டது.

பேச்சி கீழே ஐடிஐ-யில் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருஷம். வயது பதினேழு. அவளுக்கு இரண்டு வித்தைகள் தெரியும். ஒன்று, இந்த மாதிரிப் பெட்டிகளை மாட்டுவது. இன்னொன்று, யார் குரலை ஒரு தடவை கேட்டாலும் அப்படியே பேசுவது. போன வருஷம் மைக்கில் பிரின்சிபால் குரலில் "இன்று மதியத்தோடு விடுமுறை" என்று அறிவித்தாள். பிரின்சிபாலே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போய்விட்டார்.

பெட்டியைப் படிப்பக ஜன்னலோரம் மாட்டியாகிவிட்டது. ஒரே ஒரு சாமான்தான் குறை. ஆன்டெனாவைக் கம்பத்தோடு இறுக்குகிற பட்டை, கம்பெனி ஜீப்போடேயே திரும்பிப் போய்விட்டது. பேச்சி அதை ஒரு மூங்கிலில் கயிறு போட்டுக் கட்டி, படிப்பக வாசலில் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உயரம் நாலடி எட்டங்குலம். காற்று அடித்தால் மூங்கில் ஒரு பக்கம் போகும், பேச்சி இன்னொரு பக்கம் போவாள். ஜன்னலில் அஞ்சு விளக்கும் சிவப்பு. உள்ளே ஆவுடை போனை வைத்துக்கொண்டு அழுகிறாள். மற்ற எல்லாரும் கொழுந்து பறிக்கப் போயிருக்கிறார்கள், அஞ்சு மணிக்கு முன்னால் திரும்ப மாட்டார்கள்.

அப்போதுதான் பலவேசம் மாமா வந்தார்.

இவரைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். முப்பத்தோரு வருஷம் கொழுந்து எடை போட்டவர். மூங்கிலில் தராசைத் தொங்கவிட்டு அவர் பிடித்தால் புயலடித்தாலும் முள் ஆடாது. ஆறடி ஆள், கை இரண்டும் இரும்புத் தூண். இது முதல் விஷயம். இரண்டாவது, அவர் காதில் தப்பான எண் ஒன்று விழுந்துவிட்டால் அதைத் திருத்தாமல் அவரால் அந்த இடத்தைவிட்டு நகர முடியாது. அம்மன் கொடைத் திருவிழாவில் "ஆயிரம் கண்ணுடையாளே" என்று உருகி அழைத்த பூசாரியை நிறுத்தி, "எண்ணிப் பாத்தியாலே?" என்று கேட்டவர்.

அவரைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்ல வேண்டியதுதானே என்கிறீர்களா? முடியாது. டவர் வேண்டும் என்று பதினேழு வருஷத்தில் பதினேழு மனு எழுதியவர் அவர். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அந்த வயிற்றெரிச்சலில், பெட்டி வந்த அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து நின்று சத்தியம் செய்துவிட்டார்: "இந்தத் தகரம் எட்டாம் நம்பர்ல வேல செய்யும்னா, அதுக்குக் கம்பமா நானே நிக்கேன்! அதுவரைக்கும் கம்பெனிச் சாமான் எதையும் என் கை தொடாது!"

வந்தவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். "நாலு மணி எட்டு நிமிசம்," என்று அறிவித்துவிட்டு உள்ளே வைத்தார். மகன் குமரேசன் திருப்பூரிலிருந்து வாங்கி அனுப்பிய போன். மணி பார்க்க, டார்ச் அடிக்க. அது ஒலித்து அவர் கேட்டதே இல்லை.

"என்னட்டி, வானத்துல தொரட்டி போட்டு என்னத்தப் பறிக்க?"

"ஆன்டெனா மழையில நனைஞ்சு போச்சு மாமா. வெயில்ல காயப் போடுதேன்."

ஈரம் என்ற சொல் அவருக்குப் பிடித்த சொல். ஈரக் கொழுந்துக்கு எடை கழித்தே முடி நரைத்தவர். "காயட்டும், காயட்டும். ஈரமா இருந்தா இல்லாத எடையெல்லாம் காட்டும். பெட்டி எங்க?"

"உள்ள கெடக்கு மாமா. நீங்க சொன்னாப்புல வெறும் தகரம்."

மாமாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நடையைக் கட்டப்போனார். பேச்சி ஒரு பெருமூச்சு விட்டாள்.

"நாப்பதடி மூங்கிலு. கை கடுக்கு மாமா."

தூக்கிய கால் தரையில் இறங்கவில்லை. "எத்தன அடி?"

"நாப்பது."

"நாப்பதடி மூங்கிலத் தூக்கிக்கிட்டு நிக்க, ஒங்க அம்மை ஒனக்கு என்னத்தப் போட்டு வளத்தா? கொண்டா இங்க." வாங்கினார். ஒரு தூக்குத் தூக்கினார். "ஒம்பதே கால் அடி. இந்த மீன்முள்ளோட சேத்து நாலு கிலோ முந்நூறு. நாப்பதுங்கா, நாப்பது!"

அவர் கையில் வந்ததும் மூங்கில் நட்டுவைத்த மாதிரி நின்றது. மீன்முள் பள்ளத்தாக்கைப் பார்த்தது. மாமாவும் பள்ளத்தாக்கைப் பார்த்தார். அவருக்குப் பின்னால், ஜன்னலில், ஒரு சிவப்பு பச்சையாகியது. இன்னொன்று. மூன்றாவது. ஜன்னல் கம்பிக்கு நடுவில் ஆவுடையின் முகம் வந்தது. கத்த வாய் திறந்தவளைப் பேச்சி கண்ணாலேயே அடக்கினாள். ஆவுடை பத்து விரலைக் காட்டி, மடக்கி, இன்னும் இரண்டு காட்டினாள். பன்னிரண்டு கல்லூரி.

மாமா மூங்கிலைத் திருப்பி நீட்டப் போனார்.

"ஒம்பதே கால்தானா!" என்றாள் பேச்சி. "அப்ப இது பிள்ளை மூங்கிலு. போன மாசம் ஐடிஐ-ல இருந்து நரிப்பாறைக்குக் கூட்டிட்டுப் போனாவல்லா, அங்க நான் ஒத்தையில ஒரு ரிப்பீட்டர் மாட்டுனேன். அதுக்கு நட்ட கம்பம் நானூறு அடி."

நீட்டிய கை பாதியில் நின்றது.

"நானூறு அடிக்கு மூங்கில் எங்கட்டி இருக்கு?"

"ஒரே மூங்கிலா? எப்படி மாமா இருக்கும்? நானூறு மூங்கிலக் கட்டுனேன்."

"நானூறு மூங்கிலக் கட்டுனா நானூறு அடியா வரும்? மூங்கிலுக்கு ஒரு அடியா?"

"மிச்சமெல்லாம் முடிச்சுக்குப் போச்சு."

மாமா மூங்கிலைத் தோளோடு சாய்த்துக்கொண்டு விவாதத்துக்குத் தயாரானார். சாய்த்த உடனே ஜன்னலில் இரண்டு விளக்கு சிவந்தது.

"நேரா, நேரா! நனைஞ்ச பக்கம் வெயிலுக்குத் தெரியணும் மாமா!" நேரானது. பேச்சி படியில் உட்கார்ந்து, கதையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"சுவிச்சப் போட்டேன். சிக்னல்னா சிக்னல், நீங்க அப்படிப் பாத்திருக்க மாட்டிய. அணைச்சு வச்ச போன் அடிக்கி. பெட்டியில போட்டுப் பூட்டி வச்ச போன் அடிக்கி. கடையில விக்காம கெடந்த போன் அடிச்சு, வாங்கப் போறவன் பேரச் சொல்லிக் கேக்காவ. போன்ல சிக்னல் கோடு எத்தன மாமா?"

"எனக்கு என்னத்தத் தெரியும்? நாலோ அஞ்சோ."

"அங்க அஞ்சும் நெறைஞ்சு ஆறாவது கோடு போனுக்கு வெளிய நீட்டிட்டு வந்துட்டு! நீட்டுனது நீட்டுனபடி நிக்கி. ஊர்ல எல்லாப் பொம்பளையளும் அதுல துணி காயப்போட்டாவ."

"எவ்வளவு நீளம் நீட்டிச்சு?"

"பதினாறு முழம்."

"பதினாறு முழக் கொடியில நாலு வேட்டி காயப்போடலாம். மடிச்சுப் போட்டா எட்டு. ஊர்ல எல்லாரு துணியும் எப்படிட்டி காயும்?"

"சின்ன ஊரு மாமா."

மாமா நரிப்பாறையில் எத்தனை வீடு என்று மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார். எண்ணும்போது அவர் உடம்பு அசையாது. அது பழைய எடைக்காரப் பழக்கம். ஜன்னலில் ஆவுடை எட்டு விரல் காட்டினாள். இன்னும் எட்டு பாக்கி.

"முதல் அலைவரிசைக்கே இந்தக் கூத்து," என்றாள் பேச்சி. "ரெண்டாவதத் தொறந்தேன் பாருங்க. இத்தன வருசமா நாம பாறையில நின்னு கத்துனோமே, பாதியில அறுந்து போச்சே, அந்தப் பேச்சு எல்லாம் எங்க போச்சுன்னு நெனச்சிய? மூடுபனிக்குள்ள சிக்கிக் கெடந்திருக்கு. ரெண்டாவது பச்ச விளக்கு எரிஞ்சதும் அம்புட்டும் பொலபொலன்னு கொட்டுது."

"பேச்சு கொட்டுமாட்டி? மழையா அது?"

"மொதல்ல கண்டக்டர் குரல்." பேச்சி மூக்கை இரண்டு விரலால் பிடித்தாள். "‘உள்ள வாங்க, உள்ள வாங்க, நடுவுல எடம் கெடக்கு, படியில நிக்காதீய, யானைக்கு டிக்கெட் கெடையாது!’ அதுக்கப்புறம் பழைய எஸ்டேட் துரை." குரல் தொண்டைக்குள் இறங்கியது. "‘வாட் மேன்! ஒய் மேன்! ஹூ மேன்!’"

மாமாவின் மீசை லேசாக நடுங்கியது. துரை அப்படியேதான் பேசுவார்.

"அப்புறம் ஒரு குரல் விழுந்துச்சு மாமா. இடி மாதிரி. நரிப்பாறையே எந்திரிச்சு நின்னுட்டு." பேச்சி நெஞ்சை நிமிர்த்தினாள். தாடையை முன்னால் தள்ளினாள். வந்தது பலவேசம் மாமாவின் குரல், ஒரு கடுகு குறையாமல். "‘ஏ செல்லத்தாயி! கூடையில என்ன கொழுந்தா, கொளமா? தண்ணிய வடிச்சுட்டு வாட்டி! ரெண்டு கிலோ கழி!’"

"ரெண்டு கிலோன்னு நான் சொல்லவே மாட்டேன்!" மாமா சீறினார். தன் குரலைத் தானே எதிரில் கேட்கிறோமே என்ற அதிசயத்தைவிட எண் தப்பாக இருந்ததுதான் அவருக்கு உறுத்தியது. "மழை நாள்னா நூத்துக்குப் பத்து. தூறல்னா அஞ்சு. ரெண்டு கிலோவாம்! ஆளப் பாத்து அள்ளி விட்டவனா நான்?"

"பனியில கெடந்து அந்த எண்ணு ஊறிப் போயிருக்கும் மாமா."

மாமாவுக்குக் கோபம் ஏறியது. கோபம் ஏறினால் அவருக்குக் கை பேசும். வலது கை மூங்கிலை விட்டது, காற்றில் எழுதியது. மூங்கில் கிறுகிறுவென்று திரும்பியது. ஜன்னலில் அஞ்சு விளக்கும் பளிச்சென்று சிவப்பு. ஆவுடை இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள்.

இப்போது சின்னப் பொய் உதவாது. மாமாவின் நெஞ்சுக்கு நேராகப் போகிற பொய் வேண்டும்.

"எண்ணா பெருசு? மூணாவது அலைவரிசையில எடையே மாறிட்டு மாமா."

வலது கை அந்தரத்தில் நின்றது. "எடை?"

"ரிப்பீட்டர்னா என்ன? உள்ள போறத வெளிய பெருசாக்கி விடும். ஒரு மிஸ்டுகால் கொடுத்தோம், அந்தப் பக்கம் கல்யாணப் பத்திரிகையாப் போய் விழுந்துச்சு. ஒரு அட்டை பெட்டிக்குள்ள ஊர்ந்து போச்சு, வெளிய வரும்போது மலைப்பாம்பு. அதுக்குக் காலு கடிக்கத் தெரியல, பழக்க தோசத்துல எல்லாரு செருப்பையும் தேடிட்டு அலைஞ்சுது. சரி, சோதிச்சுப் பாப்பமேன்னு கால் கிலோ கொழுந்தக் கொண்டாந்து ஆன்டெனாவுக்குக் கீழ வச்சோம். தூக்கி நிறுத்தா, நாப்பத்திரண்டு கிலோ."

அந்தரத்தில் நின்ற கை இறங்கி மீசையை நீவியது.

"எந்தத் தராசு?" மாமாவின் குரல் மெலிந்திருந்தது. அபாயமான மெலிவு.

"முள்ளுத் தராசு."

"எவன் புடிச்சான்?"

"மேஸ்திரி புடிச்சாரு. முள்ளு கொஞ்சம் ஆடிச்சு. ஆனா நாப்பத்திரண்டுதான். எடை போடுதவன் கை ஆடாம எங்கனயும் இருக்காதாமே. எட்டாம் நம்பர்லயும் ஆடத்தான் செய்யும்னாரு மேஸ்திரி."

"ஆடுமா!"

அந்த ஒரு சொல்லுக்கு எதிர்மலையில் எதிரொலி வந்தது. "ஏட்டி, பாரு! இங்க பாரு! தராசுக் கம்ப இப்படிப் புடிக்கணும்!" இரண்டு கையும் மூங்கிலுக்குத் திரும்பின. ஒன்று நெஞ்சுக்கு நேரே, ஒன்று தொப்புளுக்கு நேரே. கால் இரண்டும் அகன்று தரையைக் கவ்வின. மூச்சு பாதியாகக் குறைந்தது. "முப்பத்தோரு வருசம்! இப்படி! முள்ளு ஆடுதா? சொல்லு, ஆடுதா?"

மூங்கில் நின்றது. காற்று வந்து மோதிப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனது. ஜன்னலில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... மாட்டியதிலிருந்து ஒரு தடவைகூடப் பச்சையாகாத ஐந்தாவதும் பச்சை. உள்ளே ஆவுடையின் விரல் போனில் எலி மாதிரி ஓடியது.

"ஆடல மாமா," என்றாள் பேச்சி. அன்றைக்கு அவள் சொன்ன முதல் உண்மை.

ஆவுடையின் விரல் ஆறு ஆனது, அஞ்சு ஆனது, மூணில் நின்றுவிட்டது. பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று காற்றில் வட்டம் போட்டுக் காட்டினாள். வட்டம் முடியவே இல்லை. மாமாவின் நெற்றியிலிருந்து ஒரு வேர்வைத் துளி புறப்பட்டு மூக்கு நுனிக்கு வந்து சேர்ந்தது. பிடித்துக் காட்டியாயிற்று, போதும் என்ற முகம். மூங்கிலை இறக்கப் போகிறார்.

பேச்சி கையில் இருந்ததெல்லாம் தீர்ந்திருந்தது. யானை ஒன்றுதான் மிச்சம்.

"கடைசியில என்ன ஆச்சு தெரியுமா மாமா? நானூறு அடிக் கம்பம், இறுக்குத பட்டை வரல. காத்து அடிக்கி, கம்பம் ஆடுது, விளக்கெல்லாம் செவப்பு. யாரு புடிக்க? அப்ப ஒரு யானை வந்துச்சு. ஒத்தக் கொம்பன். ரொம்ப ரோசக்கார யானை. ‘கம்பெனிச் சாமான என் தும்பிக்கை தொடாது’ன்னு முன்னமே சொல்லிப் போட்ட யானை."

"யானை சொல்லிச்சா?"

"சாடையா."

"ம்."

"ஆனா அதுக்கு ஒரே ஒரு குணம் மாமா. யாராவது பக்கத்துல பொய் சொன்னாவன்னா, அந்தப் பொய்யத் தீக்காம அந்த எடத்த விட்டு அது நகராது."

"நல்ல யானை," என்றார் மாமா மனசார. பேச்சி கன்னத்தைக் கடித்தாள். இது எட்டாவது தடவை. "அப்புறம்?"

"நான் கம்பத்த அது கையில, தும்பிக்கையில குடுத்துட்டுப் பக்கத்துல உக்காந்து பேச ஆரம்பிச்சேன். நின்னுது பாருங்க! நாப்பத்தேழு மணி நேரம்! அசையல!"

"நாப்பத்தேழு மணி நேரமா?" மூங்கில் இறங்கவில்லை. "காது?"

"ஆடல."

"யானைன்னா காது ஆடாம எப்படிட்டி? வாலு?"

"ஆடல."

"ஈ கடிச்சிருக்கும்லா?"

"ஈயும் கத கேட்டுட்டு நின்னுட்டு மாமா."

"ஏய்! ஒரு உசிரு அம்புட்டு நேரம் நிக்காது. கொழுந்து வெள்ளமா வந்த வருசம் நான் நின்னதே மூணே கால் மணி நேரம். அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுக்காரி செல்லத்தாயிதான் கஞ்சிய வாயில ஊத்துனா, கை மடங்கல. நாப்பத்தேழுங்கா!"

"நீங்க எப்படி மாமா நிக்க முடியும்? யானைக்கு நாலு காலு."

பேச்சி எதிர்பார்த்தபடியே இரண்டு காலும் இன்னும் ஒரு அங்குலம் மண்ணில் இறங்கின. "ரெண்டு கால்ல நிக்கதுதான்ட்டி நிக்கது! நாலு கால்ல எந்த மேசையும் நிக்கும்!"

ஆவுடை ஒற்றை விரலைக் காட்டினாள். பன்னிரண்டும் போட்டாயிற்று, பூட்டுவதற்கு ஒரு ரகசிய எண் குறுஞ்செய்தியாக வர வேண்டும். அது வந்தால் முடிந்தது.

"சரி, மீதியச் சொல்லு," என்றார் மாமா. "நாப்பத்தேழு மணி நேரம் முடிஞ்சதும் யானை என்ன பண்ணுச்சு?"

இந்த இடத்தில் பேச்சிக்கு வாய் ஓடவில்லை. யானை என்ன பண்ணும் என்று அவளுக்கே தெரியாது. ஆவுடையின் ஒற்றை விரலைப் பார்த்தாள், மாமாவின் முதுகைப் பார்த்தாள். "யானை வந்து..." என்றாள்.

அப்போது ஏதோ கிறீச்சிட்டது.

"சட்டப்பையில வண்டு போயிட்டு போலுக்கு," என்றார் மாமா. "கை ஒழியல. தட்டி விடுட்டி."

அது வண்டு இல்லை. பேச்சி எட்டிப் பையிலிருந்து எடுத்தாள். மூன்று வருஷமாக மணி மட்டும் சொல்லிக்கொண்டிருந்த போன், மின்னிக்கொண்டு, அதிர்ந்துகொண்டு, கையை விட்டுத் துள்ளப் பார்த்தது. ‘குமரேசன்’ என்று போட்டிருந்தது. மேலே மூலையில் 4:57.

ஒரு சிவப்புப் பொத்தானை அமுக்கினால் போதும். சத்தம் நின்றுவிடும். வண்டுதான் மாமா, பறந்துட்டு என்று சொன்னால் அவர் நம்புவார். சாயங்காலம் முழுக்க நானூறு அடியும் நாப்பத்திரண்டு கிலோவும் சொன்ன வாய்க்கு ஒரு வண்டு பெரிசா? அந்தப் பொய் மட்டும் பேச்சிக்கு வாயில் வரவில்லை. போனை மாமாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

மாமா படித்தார். பேரைப் படித்தார். மணியைப் படித்தார். மறுபடியும் பேரைப் படித்தார்.

பேச்சி பச்சையை அமுக்கி அவர் காதில் வைத்தாள்.

"எப்பா!" திருப்பூரிலிருந்து ஒரு அலறல், பக்கத்தில் நின்ற பேச்சிக்கே காது அடைத்தது. "எப்பா, மணி அடிக்கி! தெனமும் டீ நேரத்துல அடிச்சுப் பாப்பேன், இன்னைக்குத்தாம்ப்பா அடிக்கி! எங்கன நிக்கிய? பாறையிலயா? அங்க யானை வந்து நிக்குமேப்பா!"

மாமா கழுத்தை மட்டும் திருப்பினார். மூங்கிலின் உச்சியில் மீன்முள். அதிலிருந்து ஒரு கறுப்பு வயர். வயர் அவர் தோளோரமாக இறங்கி, இரண்டு காலுக்கும் நடுவில் ஊர்ந்து, படியேறி, ஜன்னலுக்குள் போனது. ஜன்னலில் அஞ்சு பச்சை. அஞ்சுக்கும் பின்னால், ஒற்றை விரலைத் தூக்கியபடி சிலையாக நின்ற ஆவுடை. கடைசியாக அவர் கண் பேச்சியிடம் வந்து நின்றது.

மாமா ஒரு உதறு உதறினால் போதும்.

மாமா கழுத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் பள்ளத்தாக்கைப் பார்த்தார். மூங்கிலில் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாக இறுகின.

"எப்பா? கேக்கா? யானை எங்கப்பா?"

"நல்லாக் கேக்குலே," என்றார் மாமா. "யானை பாறையில இருந்து எறங்கி வந்துட்டு. இப்பம் படிப்பக வாசல்ல நிக்கி."

உள்ளே ஆவுடையின் ஒற்றை விரல் மடங்கியது. "பூட்டிட்டேன்! பேச்சீ, பூட்டிட்டேன்!" என்று படிப்பகமே அதிரக் கத்தினாள்.

"ஐயையோ! வாசல்லயா? எம்புட்டு நேரமாப்பா நிக்கி?"

மாமா பேச்சியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"இங்க ஒருத்தி நாப்பத்தேழு மணி நேரம்ங்கா. சுத்தப் பொய்யி. நாப்பத்தொம்பது நிமிசம்."